வினிகர் வாடை அடிக்கிற டியூபை போர்டு பக்கம் கொண்டுபோகாதீர்கள்

கடலோர ஊரில் ஏசியின் எலக்ட்ரானிக் சர்க்யூட் போர்டு பழுது பார்க்கிறவன் நான். போன மாதம் ஓர் அவுட்டோர் யூனிட் போர்டு வந்தது. "ஆறு மாசம் முன்னாடிதான் சிலிக்கோன் போட்டு சீல் பண்ணிக் குடுத்தாங்க சார், பொட்டுத் தண்ணி உள்ள போகாதுன்னாங்க" என்றார் கொண்டுவந்தவர். தண்ணீர் போகவில்லைதான். ஆனால் சிலிக்கோனை உரித்தால் அடியில் டிராக் எனும் செம்புக் கோடெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. ஒரு ரெசிஸ்டரின் கால் கையோடு வந்துவிட்டது. மூடாமல் விட்ட பகுதியோ அவ்வளவு மோசமில்லை, அதனால் உப்புக்காற்றைக் குறை சொல்ல முடியாது.

பூசியிருந்தது கண்ணாடிக்கும் பாத்ரூம் ஓரத்துக்கும் அடிக்கிற சாதாரண டியூப். காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி இறுகும்போது அது அசிட்டிக் அமிலத்தை விடும். மூக்கில் ஏறுகிற வினிகர் வாடை அதுதான். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது, செம்பையும் சோல்டரையும் அரித்துவிடும். கனமாக அப்பினால் இன்னும் கெடுதல். மேல்தோல் சீக்கிரம் இறுகிவிடும், உள்ளே ஒரு நாளைக்குச் சுமார் 2-3 மி.மீ. ஆழம்தான் இறுகும். அதுவரை அமிலம் அடியிலேயே கிடக்கும்.

"வினிகர் வாடை இல்லாத நியூட்ரல் சிலிக்கோன் வாங்கிட்டேன்" என்பவர்களும் கொஞ்சம் பொறுங்கள். அதில் ஆக்ஸைம் வகை செம்பு, பித்தளையோடு ஒத்துப்போவதில்லை. ஆல்காக்ஸி வகை பெரும்பாலும் மெத்தனாலை விடும். போர்டுக்குத் தொல்லையில்லை, நாம்தான் ஜன்னலைத் திறந்து வைக்கவேண்டும். டேட்டாஷீட்டில் ஆல்காக்ஸி என்றும் எலக்ட்ரானிக்ஸுக்கு ஏற்றது என்றும் இருந்தால் மட்டும் வாங்குங்கள். விலை கூடத்தான் செய்யும்.

போர்டு முழுக்கக் காப்பு வேண்டுமென்றால் டியூபே வேண்டாம், கன்ஃபார்மல் கோட்டிங் எனும் மெல்லிய காப்புப் பூச்சு போதும். நான் எடுப்பது அக்ரிலிக். நாளைக்கே பழுது வந்தாலும் சால்வென்ட் போட்டு எடுத்துவிடலாம். பாலியூரித்தேன் பூசிய இடத்தில் சோல்டரிங் அயர்ன் வைத்தால் ஐசோசயனேட் புகை வரும், மூச்சுக்கு ஆகாது. எபாக்ஸி ஊற்றி அடைத்த போர்டைக் கொண்டுவந்தால் பெரும்பாலும் கும்பிடு போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

எதைப் பூசினாலும் முதலில் கழுவுங்கள். சோல்டர் பிடிக்கப் போடும் ஃப்ளக்ஸின் கறை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் போகும், உப்பு போகாது; அதற்கு டிஸ்டில்டு வாட்டர்தான். நன்றாகக் காயவிட்டு, கனெக்டர்களை டேப் ஒட்டி மறைத்த பிறகே ஸ்பிரே. ஒருமுறை அவசரத்தில் டேப் ஒட்டாமல் அடித்துவிட்டு, மதியம் முழுக்க ஊசியால் பின் பின்னாகச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.