வடிகட்டி இல்லாத சிறுநீரகம்

மீனைக் கழுவும்போது நடுமுள்ளை ஒட்டிய கருஞ்சிவப்புப் பட்டையை ரத்தக்கட்டி என்று சுரண்டி எறிகிறோம். உண்மையில் அதுதான் மீனின் சிறுநீரகம்.

கெண்டையின் சிறுநீரகத்தை மெல்லியதாகச் சீவி, ஹீமட்டாக்சிலின், ஈயோசின் சாயங்கள் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தால், நெருக்கமான குழல்களின் வெட்டுமுகங்களுக்கு நடுவே ஊதா நிற உருண்டைகள் தென்படும். ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம். தந்துகிகள் எனும் மிக நுண்ணிய ரத்தக்குழாய்கள் சுருண்டு உருவான குளோமெருலஸ் இது. ரத்த அழுத்தத்தால் நீர் இங்கே வடிந்து அந்த வளைய இடைவெளியில் இறங்கி, குழலுக்குள் போகிறது.

ஆற்றுநீரைவிடக் கெண்டையின் ரத்தத்தில் உப்பு அதிகம் என்பதால் செவுள் வழியே நீர் ஓயாமல் உள்ளே புகுகிறது. அதை நிறைய வடித்து, உப்பை மட்டும் குழலின் பிற்பகுதியில் மீட்டுக்கொண்டு, நீர்த்த சிறுநீராகக் கழித்தாக வேண்டும்.

கடல்மீனின் பாடு நேர் எதிர். கடல்நீர் அதன் ரத்தத்தைவிட ஏறத்தாழ 3 மடங்கு செறிவானது. உடலிலிருந்து நீர் போய்க்கொண்டே இருப்பதால் கடலையே குடிக்கிறது. சோடியமும் குளோரைடும் பெரும்பாலும் செவுள் வழியே வெளியேறுகின்றன; மக்னீசியமும் சல்ஃபேட்டும்தான் சிறுநீரகத்தின் பொறுப்பு. எனவே பல கடல்மீன்களில் குளோமெருலஸ் சிறியது, எண்ணிக்கையிலும் குறைவு.

கடற்குதிரையின் ஸ்லைடில் எவ்வளவு தேடினாலும் ஓர் உருண்டைகூடக் கிடைக்காது. குழல்கள் மட்டுமே. தேரைமீனிலும் அப்படித்தான். வடிகட்டி இல்லாமல் சிறுநீர் எப்படி வருகிறது? குழலின் சுவர்ச் செல்கள் மக்னீசியத்தையும் சல்ஃபேட்டையும் உள்ளே தள்ளுகின்றன. நீர் அவற்றின் பின்னால் இழுபட்டு வருகிறது. சிறுநீரகக் குழல்களால் சுரக்க முடியுமா என்று உடலியலாளர்கள் வாதாடிக்கொண்டிருந்த காலத்தில், அமெரிக்கரான ஈ.கே. மார்ஷல் இத்தகைய மீன்களைத்தான் சான்றாக முன்வைத்தார். மனிதச் சிறுநீரகம் பல மருந்துகளைக் கழிப்பதும் இதே சுரப்பால்தான். விலங்கு ஒப்பியலின் பெருமைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனாலும் ஸ்லைடை வைத்து வாழிடத்தைத் தீர்மானித்துவிடக் கூடாது. அண்டார்க்டிக் கடலின் நோட்டோதெனாய்டு மீன்கள் பலவற்றில் குளோமெருலஸ் இல்லை. இருந்திருந்தால் ரத்தத்தை உறையவிடாமல் காக்கும் சிறு புரதங்கள் சிறுநீரோடு போயிருக்கக்கூடும். கடற்குதிரையின் உறவான குழாய்மீன்களில் சில ஆற்றுக்குக் குடியேறியவை. நன்னீரில் வாழ்ந்தும் அவற்றுக்கு முன்னோர் இழந்த வடிகட்டி திரும்பவில்லை. புகும் நீரைக் குழல்களே வெளியேற்றுகின்றன.