ஆஸ்ட்ரோ தட்டும் பங்குக் கணக்கும்

கோலாலம்பூரின் செந்தூல் அடுக்குமாடிகளில் தொங்கும் ஆஸ்ட்ரோ தொலைக்காட்சித் தட்டுகள் எல்லாம் ஒரே பக்கம்தான் பார்க்கும்: நன்றாக மல்லாந்து, மேற்கே. பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகையில், மலேசிய நிறுவனமான மீசாட்டின் துணைக்கோளங்கள் இருக்கின்றன. அந்த உயரத்தில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரமும் பூமி தன்னைச் சுற்றும் நேரமும் ஒன்று என்பதால், அவை வானில் அசையாமல் நிற்பதுபோல் தெரிகின்றன. தட்டை ஒருமுறை திருகி முறுக்கினால் போதும்.

இந்தத் தொழிலின் சொத்தே அந்தத் திருகுதான் என்பேன். துணைக்கோளத்தின் ஆயுள் பதினைந்து ஆண்டு சொச்சம். வானில் அதன் இடமோ நிலைக்கும். 2021 ஜூனில் மீசாட்-3 பழுதானபோது ஒளிபரப்பு அதே இடத்திலிருந்த 3ஏ, 3பி கோளங்களுக்கு மாறியது. யாரும் கூரை ஏறித் தட்டைத் திருப்பவில்லை. 2022 ஜூனில் ஏவப்பட்ட மீசாட்-3டியும் அங்கேயே போய்ச் சேர்ந்தது.

சரி, இத்தகைய இரண்டு துணைக்கோள நிறுவனங்கள் இணைந்தால் என்ன மிச்சம்? அலுவலகச் செலவு குறைவது சில்லறை. ஆயுள் முடியும் இரண்டு கோளங்களுக்குப் பதில் ஒன்றை ஏவினால்தான் பெரிய பணம் மிஞ்சும். ஆனால் லட்சக்கணக்கான தட்டுகள் இரண்டு வெவ்வேறு திசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது நடக்காது. போதாததற்கு, சுற்றுப்பாதை இடங்கள் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தில் நாடுகளின் வழியாகவே பதிவாகின்றன. எந்த அரசு தன் இடத்தை அயல்நாட்டு முதலாளியிடம் எளிதில் விடும்? ஜப்பானில் துணைக்கோள நிறுவனமான ஜேசாட்டும் தொலைக்காட்சி நிறுவனமான ஸ்கை பெர்ஃபெக்ட்டும் 2007இல் சேர்ந்தது ஒரே நாட்டுக்குள். துணைக்கோள நிறுவனமான எஸ்இஎஸ் 2025இல் போட்டி நிறுவனமான இன்டெல்சாட்டை வாங்கியதுபோல் எல்லை தாண்டிச் சேருவது ஆசியாவில் கடினம்.

துணைக்கோளம் வழியே இணையம் தரும் ஸ்டார்லிங்க் வந்த பிறகு கணக்கே வேறு. ஏறக்குறைய 550 கிலோமீட்டர் உயரத்தில் அதன் கோளங்கள் சில நிமிடங்களில் தலைக்கு மேலே கடந்துவிடும். தட்டு அலைக்கற்றையை மின்னணு முறையில் திருப்பி அடுத்ததைப் பிடித்துக்கொள்ளும். திருகுக்கு வேலையில்லை. தூரம் குறைவு என்பதால் தாமதமும் குறைவு. 2023இல் மலேசியாவிலும் உரிமம் கிடைத்துவிட்டது. தொலைக்காட்சிக்கு இது உடனே போட்டியில்லை; இணையச் சேவையை நம்பியிருக்கும் பழைய நிறுவனங்களுக்குத்தான் அடி.

மீசாட் பங்கை மலேசியப் பங்குச் சந்தையான புர்சாவில் தேட வேண்டாம். பிரிக்பீல்ட்ஸில் பிறந்த தொழிலதிபர் ஆனந்த கிருஷ்ணன் தரப்பு 2010இலேயே அதைத் தனியார் நிறுவனமாக்கிவிட்டது. வெளிநாட்டுச் சந்தைகளில் இத்தகைய பங்கை வாங்க நினைப்பவர் ஆண்டறிக்கையில் லாபத்துக்கு முன்பே மூன்றைப் பார்க்கலாம்: கோளங்களில் மிச்சமிருக்கும் ஆயுள், மாற்றுக் கோளத்துக்கான பணம், வருமானத்தில் தொலைக்காட்சியின் பங்கு. அப்புறம் கடன்.