"இங்கிலீஷ் மீடியம்தாங்க, மேடம்"

ராத்திரி பதினொன்றரைக்கு போன். பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருப்பவர், என்னிடம் பல வருஷமாகச் சர்க்கரைக்குப் பார்ப்பவர். "மேடம், பையனை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க" என்றார். அதற்கு மேல் பேச வரவில்லை அவருக்கு.

பையன் ரஷ்யாவில் ஆறு வருஷம் டாக்டருக்குப் படித்து வந்தவன். வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இங்கே டாக்டராகப் பதிவு செய்ய எழுத வேண்டிய எஃப்எம்ஜிஇ தேர்வை மூன்று முறை எழுதி மூன்றிலும் போய்விட்டது. சும்மா இருக்க வேண்டாமே என்று ஒரு தனியார் மருத்துவமனையில் நைட் டியூட்டிக்குப் போயிருக்கிறான். மாவட்டச் சுகாதாரத் துறை ஜேடி (இணை இயக்குநர்) ஆபீஸிலிருந்து ஆய்வுக்கு வந்தவர்கள் பதிவு எண் கேட்டார்கள். அவன் எழுதிய சீட்டில் இருந்தது அந்த மருத்துவமனை டாக்டரின் எண்.

எனக்குத் தெரிந்து இந்த வருஷத்தில் இது நான்காவது. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"போலி டாக்டர்னு பேப்பர்ல போட்டுடுவாங்களா?" என்று கேட்டார். போடுவார்கள். தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 2019, பிரிவு 34: பதிவு இல்லாமல் வைத்தியம் பார்த்தால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பத்தாவதோடு நின்றுவிட்டு ஊசி போடுகிறவரும், ஆறு வருஷம் படித்துவிட்டுப் பதிவு செய்யாதவரும் இந்தப் பிரிவுக்கு ஒன்றுதான். தேர்வில் பாஸ் செய்து, மருத்துவ கவுன்சிலில் தற்காலிகப் பதிவு வாங்கி, ஒதுக்கிய மருத்துவமனையில் 12 மாதம் சிஆர்எம்ஐ என்கிற கட்டாயப் பயிற்சி முடித்து, நிரந்தரப் பதிவு வந்த பிறகுதான் தனியாக நோயாளியைத் தொடலாம். நடுவில் குறுக்குவழி கிடையாது. "மேடம், உங்க ஆஸ்பத்திரியில சும்மா வச்சுக்கோங்களேன்" என்று என்னிடம் கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். பேனாவைத் தொடக் கூடாது.

சரி, ஏன் பாஸ் ஆவதில்லை? 300 கேள்வி, 150 எடுத்தால் போதும், நெகட்டிவ் மார்க் கிடையாது. வருஷத்துக்கு இரண்டு முறை வைக்கிறார்கள். அப்படியும் 2024 ஜூன் பருவத் தேர்வை எழுதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் தேறினார்கள். பையன்கள் மக்கு என்று நான் சொல்ல மாட்டேன். கோச்சிங் சரியில்லை என்று வீட்டில் சொல்வதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

என்னை மிகவும் எரிச்சல்படுத்தும் ஒரு வாக்கியம் உண்டு. "அங்க எல்லாம் இங்கிலீஷ் மீடியம்தாங்க, மேடம்." ஏஜென்ட் சொன்னது, அப்பா அம்மா அப்படியே ஒப்பிப்பது. அய்யா, வகுப்பறை இங்கிலீஷ் மீடியம். வார்டு எந்த மீடியம்? ஒரு ரஷ்யக் கிழவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள். எப்போது ஆரம்பித்தது, எங்கே வலி, வாந்தி உண்டா என்று அவளிடம் இங்கிலீஷிலா கேட்பீர்கள்? நம் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி வார்டில் தமிழ் தெரியாத ஒரு பிள்ளையை நிறுத்தினால் அவன் எவ்வளவு கற்றுக்கொள்வான்? அவ்வளவுதான் நம் பிள்ளை அங்கே கற்றுக்கொள்வதும். முதல் இரண்டு, மூன்று வருஷம் உடற்கூறு, உடலியங்கியல் எல்லாம் இங்கிலீஷில் ஓடிவிடும். வார்டுக்குப் போகிற வருஷத்தில் பேராசிரியர் நோயாளியிடம் உள்ளூர் மொழியில் பேசுவார், நம் பிள்ளைகள் பத்துப் பேர் பின்னால் நின்று அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். திரும்பி ஓரிரு வரி இங்கிலீஷில் சொல்வார். எழுதிக்கொள்வார்கள். எஃப்எம்ஜிஇயில் 300-க்கு 200 மார்க் கிளினிக்கல் பாடங்களில்தான் என்பதை இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள்.

சீனா இதில் நேர்மையாக இருக்கிறது: இன்டர்ன்ஷிப் போகும் முன் ஹெச்எஸ்கே நான்காம் நிலை சீன மொழித் தேர்வைக் கேட்கிறது. மற்ற நாடுகளில் மொழி வகுப்பு பாடத்திட்டத்தில் இருந்தாலும் நம் பிள்ளைகள் அதை ஓவிய வகுப்பு மாதிரி நினைத்துக் கட் அடிக்கிறார்கள்.

இன்னொன்று. 2021 நவம்பர் 18-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு விதி மாறிவிட்டது. படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும், இங்கிலீஷில் நடக்க வேண்டும், அதே நிறுவனத்தில் 12 மாதம் இன்டர்ன்ஷிப், சேர்ந்த நாளிலிருந்து 10 வருஷத்துக்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். பிலிப்பைன்ஸில் எம்டி (நம் எம்பிபிஎஸ் மாதிரி, அங்கே டாக்டராவதற்கான பட்டம்) நான்கு வருஷம்தான், 48 மாதம். இந்தக் கணக்கிலேயே இடித்துவிடும். இவற்றையெல்லாம்விட முக்கியமான வரி ஒன்று இருக்கிறது: அந்த நாட்டுக் குடிமகனுக்கு இணையாக அங்கே டாக்டராகப் பணிபுரிய உரிமம் பெறத் தகுதி இருக்க வேண்டும். ரஷ்யாவில் அந்த உரிமத்துக்கு வழி 'அக்ரெடிடேஷன்' தேர்வு. அது ரஷ்ய மொழியில். இப்போது சொல்லுங்கள், இங்கிலீஷ் மீடியமா?

அந்தப் பையன் வெளியே வந்ததும் என் ஓபியில் பத்து நாள் பார்வையாளனாக உட்காரச் சொன்னேன். முதல் நாள் பென்னாகரத்திலிருந்து வந்த ஓர் ஆயா. அவர் சம்மதித்ததும், "தம்பி, வயித்தைப் பார்த்துச் சொல்லு, நான் கூட நிக்கறேன்" என்றேன். போய் இடது பக்கம் நின்றான். விரல் நுனியால் குத்துவதுபோல் அழுத்தினான், கண்ணெல்லாம் வயிற்றின் மேல். ஆயா பல்லைக் கடித்ததை அவன் பார்க்கவே இல்லை. வலது பக்கம் நிற்க வேண்டும், கையைத் தேய்த்துச் சூடாக்க வேண்டும், வலிக்கிற இடத்தைக் கடைசியில் தொட வேண்டும், பார்க்க வேண்டியது முகத்தை. மூன்றாம் வருஷ மாணவனுக்குத் தெரிவது. ஆறு வருஷத்தில் எத்தனை வயிறு தொட்டாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, "பொம்மையில பண்ணியிருக்கோம், மேடம்" என்றான். அரளி விதை தின்றவரையோ கட்டுவிரியன் கடித்தவரையோ அவன் பார்த்ததே இல்லை. இந்த மாவட்டத்தில் நைட் டியூட்டிக்கு இவனைத்தான் தனியாக உட்கார வைத்திருந்தார்கள்.

நம் ஊரிலேயே மொழி நம்மைக் கவிழ்க்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கு பேசுகிறவர் "கடுப்பு நொப்பி" என்பார். வயிற்று வலி என்று அர்த்தம். மதுரையிலிருந்து வந்த என் ஜூனியர் ஒருத்தி அதை வயிற்றுக்கடுப்பு என்று கேட்டுக்கொண்டு, சீதபேதி என்று கேஸ் ஷீட்டில் எழுதினாள்.

"இந்தியாவே வேண்டாம், லண்டன் போயிடறேன்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே ஐஇஎல்டிஎஸ் 7.5, அல்லது மருத்துவத் துறையினருக்கான இங்கிலீஷ் தேர்வான ஓஇடியில் நான்கு பிரிவிலும் பி கிரேடு. அப்புறம் வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்கான பிளாப் தேர்வு, இரண்டு பாகம். இரண்டாவதில் 16 நிலையங்கள், பலவற்றில் நோயாளியாக நடிப்பவர் எதிரில் உட்கார்ந்திருப்பார், நீங்கள் பேச வேண்டும். ஜெர்மனியில் டாக்டர்களுக்கென்றே மொழித் தேர்வு: 20 நிமிஷம் நோயாளியிடம் விசாரணை, 20 நிமிஷம் மருத்துவக் கடிதம், 20 நிமிஷம் சக டாக்டரிடம் விளக்கம். கிராமர் மனப்பாடம் அங்கே எடுபடாது. வார்டில் வாய் திறக்காதவனுக்கு எந்த ஊரிலும் இதே கதைதான்.

காகிதங்கள் பற்றிச் சுருக்கமாக. நீட் தகுதி பெறாமல் அனுப்பாதீர்கள். அது இல்லாமல் படித்துவிட்டு வந்தவர்களுக்காக என்னிடம் சிபாரிசு கேட்காதீர்கள், என்னால் ஒன்றும் முடியாது. பழைய பாஸ்போர்ட்டைத் தொலைக்காதீர்கள். நேரில் போய்ப் படித்தீர்களா, ஆன்லைனிலா என்று அதில் உள்ள முத்திரையை வைத்துத்தான் பார்ப்பார்கள். பெயரைப் பாருங்கள். ரஷ்ய எழுத்தில் 'ஹ' கிடையாது. ஹரிஷ் என்று போனவன் பட்டத்தில் கரிஷ் என்று திரும்பி வந்தான், இனிஷியல் எங்கேயோ போய்விட்டது. அங்கேயே திருத்தி வாங்கிக்கொண்டு விமானம் ஏறுங்கள். இங்கே வந்து திருத்துவதற்குள் ஒரு தேர்வு போய்விடும்.

தேறாத பிள்ளைகளே, உங்களிடம் கெஞ்சித்தான் கேட்கிறேன். இருபதாயிரம் சம்பளத்துக்கு அடுத்தவர் எண்ணில் கையெழுத்துப் போடாதீர்கள். இன்னும் இரண்டு முறை தேர்வு எழுதினாலும் வாழ்க்கை போய்விடாது, வழக்கு விழுந்தால் பதிவு கேட்டுப் போகும்போதெல்லாம் அது முன்னால் வந்து நிற்கும்.

போன வாரம் மண்டிக்காரர் சர்க்கரை பார்க்க வந்தார். பெரியவன் திரும்பப் படிக்க உட்கார்ந்துவிட்டான் என்றார். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, எழுந்திருக்காமல் கொஞ்சம் தயங்கினார். "சின்னவன் நீட்ல தகுதி வாங்கிட்டான், மேடம். ஜார்ஜியான்னு ஒண்ணு சொல்றாங்க. அங்கயும் இங்கிலீஷ் மீடியம்தானாம்."

ஏஜென்ட் நம்பரைக் கேட்டு வாங்கி, அவர் முன்னாலேயே ஸ்பீக்கரில் போட்டேன். நான் கேட்டது ஒன்றுதான்: "ஜார்ஜிய மொழி எத்தனாவது செமஸ்டர்ல இருந்து சொல்லிக் கொடுப்பீங்க, வார்டுல யாரோட பேச விடுவீங்க?"

"விசாரிச்சுச் சொல்றேங்க" என்றார். இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.