செஷ்ஷோ: பகராட்சியர்

சிறுவன் அரியணையில் இருக்கும்போது அவன் பெயரில் ஆட்சி நடத்துபவருக்கு ஜப்பானில் செஷ்ஷோ என்று பெயர். சீனத்திலிருந்து போன சொல், இரண்டு எழுத்து. முதல் எழுத்தின் பழைய வடிவத்தில் இடப்பக்கம் ஒரு கை, வலப்பக்கம் மூன்று காதுகள். கையில் எடுத்துக்கொள்ளுதல், பிறருக்காகச் செய்தல் என்று பொருள். இரண்டாவது எழுத்து, ஆட்சி.

முதலில் இது அரச குடும்பத்தாருக்கே உரிய வேலை. 866இல் ஃபுஜிவாரா யோஷிஃபுசா அந்த வழக்கத்தை உடைத்தார். பேரரசர் செய்வா 858இல் பட்டமேறியபோது எட்டு வயது. யோஷிஃபுசா அவருக்குத் தாய்வழித் தாத்தா. மகளை அரண்மனையில் கட்டிக்கொடு, பேரனைப் பட்டத்தில் உட்காரவை, அப்புறம் நீ ஆளு: ஃபுஜிவாரா குடும்பத்தின் சூத்திரம் இவ்வளவுதான். அரசன் வளர்ந்த பிறகும் பிடி தளராமலிருக்க கம்பாக்கு என்று தனியாக ஒரு பதவியும் உண்டு.

1180இல் அந்தோக்கு பட்டமேறியபோது இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. செஷ்ஷோ பட்டம் ஃபுஜிவாரா மோட்டோமிச்சியிடம். ஆனால் குடுமி தாய்ரா என்ற போர்வீரர் குடும்பத்தின் தலைவர் கியோமோரியின் கையில். அதே சூத்திரம்தான்: குழந்தையின் தாய் கியோமோரியின் மகள். மோட்டோமிச்சியோ கியோமோரியின் மருமகன்! கியோமோரி அந்த ஆண்டே தலைநகரை ஃபுகுஹாராவுக்கு மாற்றினார். சில மாதங்களிலேயே திரும்ப வேண்டியதாயிற்று. 1181இல் அவர் இறந்தார். 1183இல் எதிரிக் குடும்பமான மினமோட்டோவின் படை நெருங்க, தாய்ரா குடும்பம் குழந்தை அரசரைத் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடியது. செஷ்ஷோ? கூடப் போகாமல் கியோட்டோவிலேயே தங்கிவிட்டார். அங்கே கோ தோபா என்ற இன்னொரு குழந்தைக்குப் பட்டம் கட்டினார்கள். 1185இல் தன்னோஉரா கடற்போரில் தாய்ரா தோற்றதும், கியோமோரியின் மனைவி தோக்கிக்கோ ஆறு வயதுப் பேரனை அணைத்துக்கொண்டு கடலில் குதித்தார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘ராஜப்பிரதிநிதி’ வேண்டாம், வைஸ்ராயைத்தான் அப்படிச் சொல்லிப் பழகிவிட்டோம். ‘காப்பாளர்’ என்றால் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர், அவ்வளவுதான். அகராதிகளில் ‘பகர ஆளுநர்’ கிடைக்கிறது. ‘அதற்குப் பகரமாக’ என்கிறோமே, அந்தப் பகரம். ஆனால் ஆளுநர் என்றதும் ராஜ்பவன் நினைவுக்கு வருகிறது. எனவே ‘பகராட்சியர்’ என்பேன். நோயுற்ற அரசருக்காக ஆள்பவருக்கும் அது பொருந்தும்: 1921இல் தந்தை தாய்ஷோவுக்காக செஷ்ஷோ ஆன ஹிரோஹிட்டோவும் பகராட்சியர்தான். ஜப்பானின் இன்றைய அரசியலமைப்பிலும் இந்தப் பதவிக்கு இடமுண்டு.