பாய்மரம் சாய்ந்தால் சுக்கான் ஏன் கனக்கிறது?

பாய்ப் படகில் காற்றை எதிர்த்து ஏறும்போது சுக்கான் பிடித்தவர் கை கடுத்துப்போனால், முதலில் பாயைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். மிதமான காற்றிலும் அப்படியே கனத்தால், அண்ணாந்து பாய்மரத்தைப் பாருங்கள்.

காற்றின் தள்ளல் முழுவதும் பாயில் ஒரு புள்ளியில் விழுவதாக வைத்துக்கொள்வோம். படகின் அடியில் கத்திபோல் இறங்கி நிற்கும் பாகம் பக்கவாட்டில் வழுக்காமல் தண்ணீரில் பிடித்து நிறுத்துகிறது. அந்தப் பிடிப்புக்கும் ஒரு புள்ளி உண்டு. பாய்மரம் பின்னால் சாயும்போது காற்றின் புள்ளியும் பின்னால் போகிறது. காற்று படகின் பின்பக்கத்தைத் தள்ள, அணியம், அதாவது முன்முனை, காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கிறது. அதைச் சுக்கானால் தடுத்துக்கொண்டே இருக்கிறோம். திருப்பி வைத்த சுக்கான் வேகத்தையும் தின்றுவிடும். அதற்காக மரத்தை ரொம்ப முன்னே கொண்டுவரவும் கூடாது. சுக்கான் 3 முதல் 5 டிகிரி வரை இழுப்பது நல்லது. கை தவறினாலும் படகு தானே காற்றுக்கு முகம் கொடுத்து நின்றுவிடும்.

சாய்வை அளக்க, பெரிய பாயை ஏற்றும் கயிற்றில் ஒரு கனத்தைக் கட்டித் தொங்கவிட்டால் போதும். 14 மீட்டர் மரத்தில் 1 டிகிரி சாய்வு என்றால் உச்சி சுமார் 24 செ.மீ. நகர்ந்திருக்கும். மரத்தை முன்னும் பின்னும் இழுத்துப் பிடிக்கும் கம்பிகளில் முன்கம்பியைத் தளர்த்திப் பின்கம்பியை முறுக்கினால் மரம் பின்னே சாயும்.

அப்புறம் மரத்தை இரு பக்கமும் பிடித்து நிறுத்தும் பக்கக் கம்பிகளின் இறுக்கம். எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த இடம்தான், ஒரு மடக்கு அளவுகோலே போதும். கம்பி கையால் முறுக்கும் அளவுக்கு மட்டும் இறுகியிருக்கும்போது, 2 மீட்டர் கோலின் மேல்நுனியைக் கம்பியோடு டேப் போட்டு ஒட்டுங்கள். கீழ்நுனி கம்பியின் அடிப்பூணை, அதாவது கீழ்முனையில் மாட்டிய உலோக உறையை, தொட்டு நிற்கட்டும். டர்ன்பக்கிளை, அதாவது கம்பியை இறுக்கும் திருகை, முறுக்க முறுக்க, கோலுக்கும் பூணுக்கும் நடுவே இடைவெளி விழும். 19 இழை ஸ்டெயின்லெஸ் கம்பியில் 1 மி.மீ. இடைவெளி என்றால், அது அறுந்துபோகும் சுமையில் 5 சதவீதம் ஏறியிருக்கிறது. உச்சிக்குப் போகும் கம்பிகளுக்கு 15 முதல் 20 சதவீதம், அதாவது 3, 4 மி.மீ. வேண்டும். 8 மி.மீ. கம்பி என்றால் அது ஒரு சின்னக் காரின் எடை! இரண்டு பக்கமும் மாறி மாறி, சில சுற்றுகளாக முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் மரம் ஒரு பக்கம் வளைந்துவிடும்.

இவ்வளவு இறுக்கவா என்று பலர் பயப்படுகிறார்கள். உண்மையில் தொய்வுதான் ஆபத்து. தொய்ந்த கம்பி ஒவ்வொரு அலைக்கும் வெட்டி வெட்டி இழுபடும்; பூணுக்குள் நுழையும் இடத்தில் இழைகள் களைத்து ஒவ்வொன்றாக அறும்.

கடைசியில் கடலுக்குப் போய்ப் பாருங்கள். படகு 20 டிகிரி சாய்ந்து ஓடும்போதும் காற்று படாத பக்கத்துக் கம்பி லொடலொடவென்று ஆடக் கூடாது. சரியாக இருந்தால், டர்ன்பக்கிள் கழலாமல் பூட்டு ஊசி மாட்டி டேப் சுற்றிவிடலாம்.