கானுக்கு முன்னால் நிற்கும் குதிரை

நுவரெலியா ரேஸ் கோர்ஸ் ஓரத்தில், ஒரு ஏப்ரல் சீசனில், செம்பழுப்பு மட்டக்குதிரை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வழியில் குறுக்கே ஒரு கான், தண்ணீர் ஓடும் சின்ன வாய்க்கால். அகலம் ஒரு அடிதான் இருக்கும். குதிரை நின்றுவிட்டது. தலையைத் தாழ்த்தி, மூக்கைத் தண்ணீருக்குக் கிட்டே கொண்டுபோய்ப் 'புர்ர்' என்று ஊதியது. கயிறு பிடித்திருந்த பையன் இழுக்கவில்லை, பேசாமல் நின்றான். அப்புறம் திடீரென்று ஒரே பாய்ச்சல், ஆறடி தூரத்துக்கு!

ஒரு அடிக் கானுக்கு எதற்கு ஆறடிப் பாய்ச்சல்? கண்ணில் இருந்து தொடங்க வேண்டும். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கின்றன. அதனால் தன்னைச் சுற்றி ஏறக்குறைய 350 பாகை வரை அதற்குத் தெரியும். ஆனால் இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கும் பகுதி, அதாவது தூரமும் ஆழமும் நன்றாகப் பிடிபடும் பகுதி, முன்னால் சுமார் 65 முதல் 80 பாகைதான். அதுவும் மூக்குவாக்கில் கீழே சாய்ந்திருக்கிறது. நெற்றிக்கு நேர் முன்னால் ஒன்றும் தெரியாது. எனவே அது தலையைத் தாழ்த்தித்தான் கானை அளக்க முடியும். நெருங்கிய பிறகு கான் பார்வையிலிருந்து நழுவிவிடும். ஆழம் தெரியாத குதிரை, எதற்கும் இருக்கட்டும் என்று கூடுதலாகவே தாண்டும்.

இதே கண்ணோடுதான் ஈவென்டிங் என்னும் குதிரையேற்றப் போட்டியில் குதிரை நாலுகால் பாய்ச்சலில் மரக்கட்டைகளைத் தாண்டுகிறது. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கிலிருந்து இருக்கும் இந்தப் போட்டியில் மூன்று சோதனைகள். நடுவில் வருவது கிராஸ் கன்ட்ரி, அதாவது திறந்த வெளியில் ஓடித் தடைகளைத் தாண்டுவது. உச்ச நிலையில் அசையாத தடைகள் 1.20 மீற்றர் உயரம் வரை இருக்கும். வேகம் நிமிடத்துக்கு 570 மீற்றர், அதாவது நொடிக்கு ஒன்பதரை மீற்றர். 2021இல் டோக்கியோவில் இலங்கைக்காக மதில்டா கார்ல்சன் கலந்துகொண்ட, கம்புகளைத் தாண்டும் ஷோ ஜம்பிங் போட்டியில் குதிரையின் கால் பட்டால் கம்பு கீழே விழும், அவ்வளவுதான். கிராஸ் கன்ட்ரியில் பெரும்பாலான கட்டைகள் விழாது. முன்னங்காலின் மேல்பகுதி கட்டையில் இடித்தால் குதிரையே தலைகுப்புறப் புரளக்கூடும். இந்த விளையாட்டில் எல்லோரும் அஞ்சும் விபத்து அதுதான். இதற்காகவே பல தடைகளில் இப்போது அடி பலமானால் உடைந்து கழன்றுகொள்ளும் ஆணிகளை வைக்கிறார்கள்.

தாண்டுவதற்கான வேலையெல்லாம் தரையிலேயே முடிந்துவிடுகிறது. முன்னங்கால்கள் ஊன்றுகோல் போல ஊன்றி, வேகத்தின் ஒரு பங்கை மேல்நோக்கித் திருப்பி, உடலின் முன்பாதியை எழுப்புகின்றன. உடனே பின்னங்கால்கள் இரண்டும் உள்ளே வந்து சேர்ந்து தள்ளுகின்றன. கால் தரையை விட்டதும் உடல் போகும் பாதை முடிவாகிவிட்டது. எறிந்த கல் மாதிரிதான். மேலே இருப்பவர் அதற்கு மேல் உதவ முடியாது, கெடுக்க மட்டுமே முடியும். பழைய காலத்தில் தாண்டும்போது பின்னால் சாய்ந்து கடிவாளத்தை இழுப்பார்கள். இடுப்பில் மடிந்து முன்னே குனியும் முறையைக் கொண்டுவந்தவர் இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெடெரிகோ கப்ரில்லி (1868–1907). குதிரையின் முதுகும் கழுத்தும் தம் வேலையைச் செய்ய விட்டார் அவர். எனக்கு அது மிகப் பெரிய மாற்றமாகவே படுகிறது.

ஆனால் சரிவில் இறங்கித் தாண்டும்போது கதை வேறு. கொழுந்துப் பையோடு தேயிலை மலையில் இறங்கும் பெண்களைப் பாருங்கள்: முழங்கால் மடங்கும், உடம்பு கொஞ்சம் பின்னே போகும், அதன் பிறகே கானைத் தாண்டுவார்கள். சமதரையில் நிற்கும்போதே குதிரையின் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் இருக்கிறது. இறக்கத்தில் அது இன்னும் கூடும். எனவே குதிரை பின்னங்கால்களில் சற்று உட்கார்ந்து வரப் பழக வேண்டும். மேலே இருப்பவர் குதிகாலை அழுத்தி, உடம்பை நிமிர்த்தி, கழுத்து நீளும்போது கடிவாள வாரை விரல்களுக்கிடையே வழுக்கி ஓட விடவேண்டும்.

பயிற்சி சின்னதிலிருந்துதான் தொடங்கும்: முழங்கால் உயரக் கட்டை, ஆழமில்லாத தண்ணீர், ஒடுக்கமான கான். பழகிய குதிரை ஒன்று முன்னே போனால் புதியது பின்னாலேயே வந்துவிடும், கூட்டத்தில் வாழும் விலங்கு அல்லவா! வெயிலிலிருந்து மர நிழலுக்குள் தாண்டுவது தனிப் பாடம். குதிரையின் கண் இருட்டுக்குப் பழக நம் கண்ணைவிட நேரமெடுக்கும். அதனால் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, பார்க்க அவகாசம் கொடுக்க வேண்டும்.

மலைநாட்டில் மூச்சையும் கவனிக்க வேண்டும். சுமார் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்குதான். பாய்ச்சலில் குதிரை காலெடுத்து வைக்கும் ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு மூச்சுத்தான் விடும், நினைத்தபடி வேகமாக மூச்சு வாங்க அதனால் முடியாது. இதற்குக் கைகொடுப்பது மண்ணீரல். ஓடத் தொடங்கியதும் அது சுருங்கி, சேர்த்துவைத்த சிவப்பணுக்களை இரத்தத்தில் விடுகிறது. ஆனாலும் தாழ்நிலத்திலிருந்து வந்த குதிரையைச் சில நாட்கள் நடத்திப் பழக்கிவிட்டுத்தான் ஓடவிட வேண்டும்.

அப்புறம் கால். தரையிறங்கும்போது முதலில் ஒரே ஒரு முன்னங்கால்தான் மண்ணைத் தொடும். முழங்காலுக்குக் கீழே தசை கிடையாது, சுமையையெல்லாம் இழுபட்டுத் தாங்குவது தசைநாண்கள்தான். நெடும் பாய்ச்சலில் அவற்றின் உட்பகுதி 45 பாகை செல்சியஸ் வரை சூடேறும். அதனால் ஓட்டம் முடிந்ததும் காலில் குளிர்ந்த தண்ணீர் விடுவார்கள். மறுநாள் காலை லாயத்தில் தீனி வைப்பதற்கு முன்பே குனிந்து, நான்கு கால்களையும் மேலிருந்து கீழே உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார்கள். ஒரு கால் மட்டும் சுட்டால் அன்றைக்கு ஓட்டம் இல்லை.