500 பிழையா? கை வைக்க முதல் லொக்கை வாசியுங்கள்

யாழ்ப்பாணத்தில் இப்போது சொந்தமாக இணையத்தளம் வைத்திருப்பவர்கள் பெரிய நிறுவனங்கள் மட்டுமல்ல. கோயில் பரிபாலன சபைகள், பழைய மாணவர் சங்கங்கள், ஊர் ஒன்றியங்கள், கஸ்தூரியார் வீதி நகைக்கடைகள், நல்லூரடியில் அறை வாடகைக்கு விடுபவர்கள் என்று பலரும் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலானவை தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸில் ஓடுபவை. யாரோ ஒருவர் அமைத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அப்புறம் அதைப் பார்த்துக்கொள்வது செயலாளரின் மகனாகவோ கடையில் கணக்கெழுதும் தம்பியாகவோ இருக்கும். அப்படியான தளங்களைப் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். "தம்பி, சைட் விழுந்திட்டுது, 500 எண்டு காட்டுது, கெதியாப் பாருமன்" என்ற கோல் எனக்குப் பழகிப்போன ஒன்று.

500 என்பது பக்கத்துக்குப் பதிலாக வரும் ஒரு பிழை எண். அது வருவதை நான் பெரிய ஆபத்தாக நினைப்பதில்லை. அதைக் கண்ட பதற்றத்தில் செய்யப்படும் வேலைகள்தான் பயங்கரம். என்னிடம் வந்து சேருவதற்குள் முதல் பிழைக்கு மேல் இன்னும் இரண்டு பிழைகள் சேர்ந்திருக்கும்.

ஓர் ஊர்ச் சங்கத்தின் தளத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன். மரண அறிவித்தல்கள், நினைவஞ்சலிகள், பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் பணம் தந்தவர்களின் பட்டியல் எல்லாம் அதில்தான் இருந்தன. ஒருநாள் 500 வந்ததும், பார்த்துக்கொண்டிருந்தவர் கையில் கிடைத்த பழைய பேக்கப்பை எடுத்து மேலே போட்டுவிட்டார். தளம் வந்தது. ஆனால் அந்தப் பேக்கப்புக்குப் பிறகு ஏற்றிய எல்லாம் போய்விட்டன. ஓர் அம்மாவின் முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலியும் அதோடு போயிற்று. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து தேடிக்கொண்டிருந்தார்கள். மூலக் காரணம் ஒரேயொரு பிளகின், அதாவது கூடுதல் வசதிக்காக வேர்ட்பிரஸில் சேர்க்கும் சிறு மென்பொருள். அதன் போல்டரின் பெயரை மாற்றியிருந்தால் சரியாகியிருக்கும். எதைச் செய்வதற்கு முன்பும், பிழையோடு இருக்கிற தளத்தை அப்படியே ஒரு கொப்பி எடுத்து வைக்க வேண்டும் என்று நான் கெஞ்சுவது இதனால்தான். பைல்களையும் எடுங்கள், தரவுத்தளத்தையும் எடுங்கள்.

500 என்பது உண்மையில் எவ்வளவு சொல்கிறது? மிகக் கொஞ்சம். 4 இல் தொடங்கும் எண்கள் கேட்டவர் பக்கத்துச் சிக்கலைக் குறிக்கும். 404 என்றால் கேட்ட பக்கம் இல்லை, 403 என்றால் அனுமதி இல்லை. 5 இல் தொடங்குபவை சேர்வர், அதாவது தளம் இருக்கும் கணினி, பக்கத்தவை. அவற்றுள் 503 என்றால் சேர்வர் தற்போது தாங்க முடியாமல் இருக்கிறது, 504 என்றால் பின்னால் உள்ள இன்னொரு சேர்வர் நேரத்துக்குப் பதில் தரவில்லை. 500 மட்டும் வேறு எந்தப் பெயருக்குள்ளும் அடங்காத எல்லாவற்றுக்கும் பொதுவானது. எதிர்பாராத ஏதோ நடந்தது, என்னால் முடிக்க முடியவில்லை என்பதுதான் அதன் முழுச் செய்தி. ஆகவே உங்கள் போனை ஓஃப் பண்ணிப் போடுவதும் ரவுட்டரைக் கழற்றி மாட்டுவதும் வீண் வேலை. ஒருமுறை பக்கத்தை மீண்டும் திறந்து பாருங்கள், போதும். அப்போதும் வந்தால் காரணம் சேர்வரில் இருக்கிறது. அந்தக் காரணத்தைச் சேர்வர் பெரும்பாலும் எழுதியும் வைத்திருக்கிறது. அந்தப் பிழைப் பதிவேடுதான் எரர் லொக்.

ஹோஸ்டிங் என்பது தளத்தை வைக்க வாடகைக்கு எடுக்கும் சேர்வர் இடம்; சீபனல் அதை நிர்வகிக்கும் திரை. சீபனல் உள்ள ஹோஸ்டிங்கில் 'எரர்ஸ்' என்று ஒரு பகுதி இருக்கும். அதோடு பைல் மனேஜரில் தளத்தின் போல்டருக்குள்ளேயே எரர் லொக் என்ற பெயரில் ஒரு பைல் கிடப்பதும் வழக்கம். அதன் கடைசி வரிகளைப் பாருங்கள். இங்கே பலர் தடுமாறுவது நேரத்தில். லொக் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் எழுதப்படும்; நாங்கள் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னால் இருக்கிறோம். தளம் இரவு 7 மணிக்கு விழுந்தது என்றால் லொக்கில் 13.30 ஐத் தேட வேண்டும். சேர்வர் அமெரிக்காவில் இருந்து அந்த ஊர் நேரத்தைப் பாவித்தால் கணக்கு இன்னும் மாறும். குழப்பமாக இருந்தால் நீங்களே பக்கத்தை ஒருமுறை திறந்து, உடனே லொக்கைப் புதுப்பித்துப் பாருங்கள். புதிதாக விழுந்த வரிதான் உங்களுக்கு வேண்டியது.

ஒன்றுமே விழவில்லை என்றால் வேர்ட்பிரஸின் டீபக் என்ற பிழை தேடும் வசதியை, தளத்தின் அமைப்பு விபரங்கள் உள்ள கொன்பிக் பைலில் இயக்கலாம். ஆனால் பிழையைப் பக்கத்தில் காட்டும் தெரிவை நிறுத்தி, லொக்கில் எழுதும் தெரிவை மட்டும் இயக்குங்கள். போல்டர்களின் முழு விலாசத்தையும் தரவுத்தள விபரத்தையும் வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் காட்டக் கூடாது. அந்த டீபக் லொக் பைல் வழக்கமாக இருக்கும் இடமும் வெளியார் திறக்கக்கூடிய போல்டர்தான். வேலை முடிந்ததும் நிறுத்துங்கள், பைலையும் அழியுங்கள்.

லொக்கில் அடிக்கடி காண்பது, வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பி.எச்.பி. யின் வேர்ஷன் மாறியதால் வந்த பிழை. யாரும் எதையும் தொடவில்லை என்று சத்தியம் செய்வார்கள், அது உண்மையும்கூட. ஹோஸ்டிங் நிறுவனம் மாற்றியிருக்கும். பி.எச்.பி. 7.4 க்கான ஆதரவு 2022 நவம்பரோடு முடிந்துவிட்டது. அதன் பின் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக 8 க்கு நகர்த்தின. 2015, 2016 இல் அமைத்து அப்படியே விட்ட தீம்களில் (தளத்தின் தோற்றத்தைத் தருபவை) 8 இல் நீக்கப்பட்ட கட்டளைகள் இருக்கும். லொக்கில் 'அன்டிபைன்ட் பங்ஷன்' என்று வந்து, அந்தப் பைலின் பெயரும் வரி எண்ணும் வரும். பைலின் விலாசத்தில் பிளகின்ஸ் என்று இருந்தால் அதற்கு அடுத்து வரும் பெயர்தான் குற்றவாளி. எல்லாப் பிளகின்களையும் நிறுத்த வேண்டியதில்லை. அந்த ஒன்றின் போல்டர் பெயரோடு ஓர் எழுத்தைச் சேர்த்து மாற்றினால் வேர்ட்பிரஸ் அதை விட்டுவிட்டு ஓடும். தீம் என்றால் சீபனலில் தற்காலிகமாகப் பழைய வேர்ஷனுக்குப் போய்த் தளத்தை எழுப்பலாம். அங்கேயே குடியிருக்க வேண்டாம். பாதுகாப்புத் திருத்தம் வராத வேர்ஷன் அது. ஒரு மாதத்துக்குள் தீமை மாற்ற வேண்டும்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். டொலரில் காசு கட்டி வாங்க வேண்டிய தீமைப் பூட்டுடைத்து இலவசமாகத் தரும் இடங்கள் இருக்கின்றன. செலவு மிச்சம் என்று அதைப் போட்டுக் கொடுப்பவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். வாங்குகிற சங்கத்துக்கோ கடைக்கோ அது தெரியாது. அவற்றுக்கு அப்டேட் வராது, பல வேளைகளில் கதவு திறந்துவிடும் கோட் ஒன்றும் உள்ளே இருக்கும். நீங்கள் அழித்த பைல் சிறிது நேரத்தில் தானாகத் திரும்பி வந்தால், நீங்கள் எழுதாத வரிகள் மீண்டும் மீண்டும் முளைத்தால், அது சாதாரண 500 அல்ல. தளத்துக்குள் வேறு ஆள் இருக்கிறார். அப்போது பிழை தேடுவதை நிறுத்திவிட்டு ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு உடனே அறிவியுங்கள்.

அடுத்தது, தளத்தை எப்படி நடத்துவது என்று சேர்வருக்குக் கட்டளை சொல்லும் எச்.டி.அக்சஸ் பைல். முன்னால் புள்ளி உள்ள பைல் என்பதால் பைல் மனேஜரில் மறைந்திருக்கும். மறைந்தவற்றைக் காட்டும் தெரிவை இயக்க வேண்டும். அதில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் முழுத் தளமும் 500 ஆகும். நோட்பேட்டில் திறந்து, தமிழுக்குப் பழகிய கையோடு பி.ஓ.எம். சேர்ந்த யூ.டி.எப். 8 என்ற எழுத்து வடிவத்தில் சேமித்தால், பைலின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகள் ஏறிவிடும். சில சேர்வர்களில், தளத்தை வழங்கும் மென்பொருளான அப்பாச்சி அதை விளங்காத கட்டளை என்று எடுத்துக்கொண்டு நின்றுவிடும். பார்க்கிற உங்களுக்கோ பைல் சரியாகவே தெரியும். பெயரை மாற்றிப் பாருங்கள். தளம் வந்தால், வேர்ட்பிரஸின் பேர்மாலிங்க் (பக்க விலாசங்கள்) அமைப்புக்குப் போய் எதையும் மாற்றாமல் சேமித்தால் புதிய பைல் உருவாகும். பழையதில் இருந்த பாதுகாப்பு வரிகளை மறக்காமல் அதில் சேர்க்க வேண்டும்.

படம் ஏற்றும்போது மட்டும் 500 வருகிறது என்று கோயில் தளம் பார்ப்பவர்கள் சொல்வார்கள். காரணம் மெமரி. திருவிழாப் படம் போனிலிருந்து நேரே ஏறுகிறது. பைலாக 4 எம்.பி. தான் இருக்கும். ஆனால் 4000 க்கு 3000 பிக்சல் படத்தைச் சிறிதாக்க விரித்தால், பிக்சலுக்கு நான்கு பைட் என்று கணக்கிட, ஏறக்குறைய 48 எம்.பி. இடம் வேண்டும். 50 மெகாபிக்சல் படம் என்றால் 200 எம்.பி. பல ஹோஸ்டிங்குகளில் எல்லை 128 எம்.பி. லொக்கில் 134217728 என்ற எண்ணோடு 'எக்ஸ்ஹோஸ்டட்' என்று கண்டால் அது இந்த 128 எம்.பி. தான். எல்லையைக் கூட்டலாம். அதைவிட, 2000 பிக்சல் அளவுக்குப் படங்களைக் குறைத்துவிட்டு ஏற்றுவது நல்லது. இடமும் மிச்சம், பார்ப்பவரின் டேட்டாவும் மிச்சம்.

இடம் என்றதும் சொல்ல வேண்டும்: டிஸ்க் நிரம்பினாலும் தளம் விழும். நிரப்புவது பெரும்பாலும் படங்கள் அல்ல. பேக்கப் பிளகின் அதே ஹோஸ்டிங்குக்குள் வாராவாரம் போட்டுவைத்த கொப்பிகள், யாரும் திறக்காத மின்னஞ்சல் பெட்டி, ஜி.பி. கணக்கில் வளர்ந்த எரர் லொக். பைல்களின் எண்ணிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு, அதையும் சீபனலில் பாருங்கள். பேக்கப் வேறு இடத்தில்தான் இருக்க வேண்டும்.

யார் வாசிக்கலாம், யார் எழுதலாம் என்று எண்ணால் குறிக்கும் பைல் அனுமதிகளைப் பற்றிச் சுருக்கமாக: போல்டருக்கு 755, பைலுக்கு 644. யாரோ எழுதியதைப் பார்த்து எல்லாவற்றையும் 777 ஆக்க வேண்டாம். அது யாரும் எழுதலாம் என்று திறந்துவிடுவது. பல தளங்கள் ஒன்றாக இருக்கும் சில ஷேர்ட் ஹோஸ்டிங் சேர்வர்கள் 777 ஐக் கண்டாலே ஓட மறுத்து 500 ஐத் தரும்.

நல்லூர்த் திருவிழாக் காலம் தனிக் கதை. 25 நாளும், அதிலும் தேரன்று, கனடாவிலும் லண்டனிலும் சுவிஸிலும் உள்ளவர்கள் ஒரே நேரத்தில் தளங்களைத் திறப்பார்கள். விட்டுவிட்டு 500 உம் 503 உம் வரும். கோட்டில் பிழையே இருக்காது. சீபனலில் 'ரிசோர்ஸ் யூசேஜ்' பகுதியைப் பார்த்தால் எல்லையை எப்போது தொட்டது என்று தெரியும். பக்கங்களைக் கேஷ் செய்யும், அதாவது தயாராக எடுத்துவைத்துக் கொடுக்கும் பிளகின் ஒன்றும், முன்னால் நின்று வருகைகளைத் தாங்கும் கிளவுட்பிளேர் சேவையும் இருந்தால் சாதாரண ஹோஸ்டிங்கே பெருமளவு தாங்கும். நேரலையை உங்கள் சேர்வரில் வைக்காமல் யூடியூப்பில் வைத்து இணையுங்கள். ஆனால் இதையெல்லாம் கொடியேற்றத்துக்கு முந்திய மாதமே செய்ய வேண்டும்.

இவ்வளவும் செய்ய உள்ளே போக முடிய வேண்டுமே. எங்களூர்த் தளங்களில் என்னை உண்மையில் வருத்துவது இதுதான். ஹோஸ்டிங் கணக்கு ரொறொன்ரோவில் இருக்கும் ஓர் அண்ணையின் பெயரில், அவரது கார்டில் இருக்கும். இங்கே காலை 10 மணிக்குத் தளம் விழுந்தால் கோடை காலத்தில் அங்கே நள்ளிரவு தாண்டி 12.30. நிர்வாகியின் மின்னஞ்சலோ தளத்தை அமைத்தவருடையது. அவர் அந்த வேலையை விட்டு வருடக் கணக்காகியிருக்கும். வேர்ட்பிரஸ் 2019 இல் வந்த 5.2 இலிருந்து, பெரிய பிழை வந்தால் எந்தப் பிளகின் காரணம் என்று சொல்லி, உள்ளே நுழைய ஒரு லிங்கோடு நிர்வாகிக்கு மின்னஞ்சல் அனுப்புகிறது. அந்த லிங்க் ஒரு நாளைக்குத்தான் செல்லும். யாரும் திறக்காத பெட்டியில் அது கிடந்து காலாவதியாகிறது. அடுத்த கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுத்துக் கதையுங்கள்: டொமைன் (தளத்தின் விலாசப் பெயர்) யார் பெயரில், ஹோஸ்டிங் யாரிடம், நிர்வாகி மின்னஞ்சல் எது. குறைந்தது இரண்டு பேரிடமாவது, அதில் ஒருவர் ஊரில் இருப்பவராக, உள்நுழையும் வழி இருக்கட்டும்.

வெளியே உதவி கேட்கும்போது "சைட் வேலை செய்யேல்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு, கடைசியாக என்ன மாற்றினீர்கள், லொக்கின் கடைசி வரிகள் எவை என்று எழுதுங்கள். நல்ல ஆளுக்கு அது போதும், பாதி வேலை முடிந்துவிடும். கொன்பிக் பைலைப் படமெடுத்துப் பேஸ்புக் குழுவிலோ வாட்ஸ்அப்பிலோ போடவே கூடாது, தரவுத்தளக் கடவுச்சொல் அதில் வெளிப்படையாக இருக்கிறது. ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் பதிவை அழித்ததோடு நிற்காமல் கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றுங்கள். மாற்றிய கையோடு கொன்பிக் பைலிலும் புதியதை எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் தரவுத்தளத்தோடு தொடர்பில்லை என்று தளம் நின்றுவிடும்.